முள் எழும் வரை

2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள வீட்டின் கொட்டகையில் நின்ற வெளிர்பச்சைக் கார், எஞ்சின் சூடேறிய பிறகு ஐந்து பவுண்டு ஆயில் பிரஷர் காட்டியது. இருக்க வேண்டியது இருபதுக்கு மேல்.

அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஓட்டுபவர் இருக்கையில் அக்கா. வெளியூரில் மருந்துக்கடை நடத்துகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். பக்கத்து இருக்கையில் தம்பி, உள்ளூர்க் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டிருந்தவர் மெக்கானிக். ஒரு கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்ட ஒரு வாரம் எடுத்துக்கொள்வார் என்பதால் அந்தக் காலத்திலேயே அவருக்கு அவசரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. போனை எடுத்தால் அவரே “அவசரம் பேசறேன்” என்பார். புதிதாகக் கேட்பவர்கள் பதறிப்போவார்கள்.

“அப்பாவுக்கு ஏறிக்கிட்டே இருந்துச்சு. இதுக்கு இறங்கிக்கிட்டே போகுது. ஒரே வீட்டுல ரெண்டு பிரஷர்” என்றான் தம்பி.

அக்கா சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினாள்.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. வீடு விலை பேசி முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அம்மா தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு காருக்குத்தான் இடம், அதில் தம்பியின் கார் நிற்கிறது. பழைய கார்களைச் சேகரிக்கும் தாடிக்காரர் ஒருவர் போன வாரம் வந்து, தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டு மயங்கிப்போனவர், திரும்பி வரும்போது முள் விழுந்து கிடப்பதையும் பார்த்தார். பாடி போதும், எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்கிறேன் என்றார். தம்பி சரி என்றான். புதன்கிழமை வண்டியை ஏற்றிப்போக ஆள் வருவதாகப் பேச்சு.

இதைப் போனில் கேட்ட அக்கா அன்றே பஸ் ஏறினாள். எஞ்சினைக் கழற்றிய பிறகு அது அப்பாவின் கார் இல்லை, பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டி என்பது அவள் கட்சி. தம்பியின் கட்சியும் லேசானது இல்லை.

“நீ மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து தடவிப் பாத்துட்டு, கண்ணத் துடைச்சுக்கிட்டுப் போயிடுவ. மழைன்னா ஓடி வந்து தார்ப்பாய் கட்டறது நானு. பேட்டரிக்கு சார்ஜ் போடறது நானு. ரெண்டு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. எந்தக் கம்பெனி பேட்டரி வச்சாலும் இந்த வண்டியில நிக்க மாட்டேங்குது.”

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவசரம் பார்க்கட்டும். எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்துபோயிருந்தால் பேச்சே இல்லை, தாடிக்காரர் கொண்டுபோகட்டும். பேரிங் பிழைத்திருந்தால் அக்கா தன் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். இந்தப் பேரிங்குக்கு இனி மாற்று கிடைக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் ஆயில் பிரஷர் மீட்டருக்கு முள் என்று பெயர். ஸ்பீடு காட்டுவதும் முள்தான், பெட்ரோல் காட்டுவதும் முள்தான்; ஆனால் முள் என்றால் அது ஒன்றுதான். காலையில் நான்கு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா சோக் குமிழை முழுதாக இழுத்து, சாவியைத் திருப்புவார். முள் நாற்பதைத் தொடும்வரை வண்டி நகராது, யாரும் பேசவும் கூடாது. அப்பா ஓயாமல் பேசுகிறவர். குளியலறைக்குள்ளிருந்தும் பேசுவார், வாயில் பற்பசை இருந்தாலும் பேசுவார். அந்த ஒரு நிமிடம் மட்டும் அவர் வாய் மூடியிருக்கும். இருக்கைத் துணியின் சூடான வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, பின்னிருக்கையிலிருந்து இரண்டு பிள்ளைகளும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் பார்க்கிறவர் “முள் எழுந்தாச்சு” என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கியர்.

ஒரு நாள் பரீட்சைக்கு நேரமாகிறது என்று தம்பி முந்திக்கொண்டு பொய்யாகச் சொன்னான். அப்பா எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தே போய்விட்டார். பின்னாலேயே மூன்று பேரும் நடந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் முள் விஷயத்தில் மட்டும் யாரும் பொய் சொன்னதில்லை.

அவசரம் முதலில் சந்தேகப்பட்டது மீட்டரைத்தான். எஞ்சினிலிருந்து மீட்டர் வரை வரும் மெல்லிய செம்புக் குழாய் எங்காவது நசுங்கியிருக்கலாம், மீட்டருக்கே வயதாகியிருக்கலாம். அந்தக் குழாயைக் கழற்றி, எஞ்சின் பக்கத்தில் தன் சொந்த மீட்டரை முறுக்கினார். அதைத் துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைத்திருந்தார். எஞ்சினை மறுபடி சூடாக்கினார்கள். அவருடைய மீட்டர் ஏழு காட்டியது.

“அண்ணனோட மீட்டர் ரெண்டு கொறச்சுச் சொல்லுது. ஆனா பொய் சொல்லல” என்றார். அப்பாவை அவர் அண்ணன் என்பார், அம்மாவை அண்ணி என்பார், ஐம்பது தாண்டிய அக்காவை இன்னும் பாப்பா என்பார்.

பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பேரிங் போய்விட்டது. தேய்ந்த இடைவெளி வழியாக ஆயில் வழிந்து ஓடிவிடுகிறது, அதனால்தான் அழுத்தம் நிற்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றிப் பார்ப்பதே வீண் வேலை என்றார்.

தம்பி மணியைப் பார்த்தான். அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. பேரிங் போயிருந்தால் உள்ளே தட்டும் சத்தம் கேட்க வேண்டாமா என்று கேட்டாள். கேட்கும், இன்னும் கொஞ்ச நாளில் கேட்கும் என்றார் அவசரம். அவள் இறங்கிப் போய் ஆயில் அளக்கும் கம்பியை உருவினாள். எதையும் உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவளுக்குத் தொழில் பழக்கம்.

ஆயில் மேல்குறிக்கும் மேலே இரண்டு விரல் ஏறி நின்றது.

“யாரு ஊத்தினது?”

தம்பி தான் ஊற்றவில்லை என்றான். அப்பா கடைசியாக மாற்றிய ஆயில்தான், கொட்டகையில் டப்பாகூட இல்லை. அவசரம் கம்பியை வாங்கிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார்.

“ஆயில் குடிக்கிற வண்டி பாத்திருக்கேன். ஆயில் சுரக்கிற வண்டிய இப்பத்தான் பாக்கறேன்.”

அக்கா ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தாள். தம்பியிடம் நீட்டினாள். அவனும் முகர்ந்தான். ஆயில் தண்ணீராக ஓடியது. பெட்ரோல் வாசனை அடித்தது. ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் அடியில் மஞ்சளித்த வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. எஞ்சின் சூடே ஏறாமல் ஓடினால்தான் இப்படிப் பிடிக்கும் என்று அவசரம் முணுமுணுத்தார்.

அவர் தீர்ப்பைத் திரும்பப் பெறவில்லை, ஒத்திவைத்தார். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராகக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். பெட்ரோல் கலந்த ஆயில் குளிரில் கெட்டியாக நடிக்கும், சூடேறினால் நீர்த்துவிடும். பம்பைக் கழற்றினார். அவர் வேகத்தில் அது சாயங்காலம் வரை நடந்தது. ரப்பர் தகடு புதுசு மாதிரி இருந்தது. கார்பரேட்டரும் ஒழுங்காகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி, இந்த வண்டி மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று கேட்டார்.

ஓடுவதே இல்லை என்றான் தம்பி. மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுவதோடு சரி. தாடிக்காரர் ஓட்டியதுதான் இரண்டு வருடத்தில் முதல் ஓட்டம்.

அம்மா அப்போது தேநீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்திருந்தாள். ஸ்பேனர்கள் கிடந்த பலகையின் மேல் தட்டை வைக்க இடம் தேடிக்கொண்டே சொன்னாள்.

“ஓடலன்னு யாரு சொன்னது? நான் தினம் போடறேனே.”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தக் காரில் அவள் ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளுமே பார்த்ததில்லை.

“போடறேன்னா?”

“ஸ்டார்ட் பண்ணுவேன். காலையில. முள் எழுந்ததும் நிறுத்திடுவேன். வண்டி சும்மாவே நின்னா கெட்டுப் போயிடும்னு உங்கப்பா சொல்லுவார்ல.”

பெட்ரோல் ஏது என்று தம்பி கேட்டான். பேப்பர் போடுகிறவர் கேனில் வாங்கி வந்து தருவார் என்றாள். இரண்டு பேட்டரி ஏன் செத்தது என்பது தம்பிக்கு அப்போது புரிந்தது.

அவசரம் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, நாளைக் காலை நான் வரும்வரை யாரும் வண்டியைத் தொட வேண்டாம், அண்ணி எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தம்பி விடுப்புப் போட்டான். அம்மா குளித்து, வெளியூர் போகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தாள். கால்கள் பெடலுக்கு எட்டவில்லை. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சோக்கை இரண்டு கையாலும் முழுதாக இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது. பின்னால் புகை கறுப்பாகக் கிளம்பிச் சுவரில் மோதியது.

அக்காவும் தம்பியும் தங்களை அறியாமல் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. முள் நடுங்கியது, மெல்ல ஏறியது, நாற்பதைத் தொட்டது.

“முள் எழுந்தாச்சு” என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எஞ்சினை நிறுத்தினாள்.

சோக் இழுத்தபடியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா முன்னால் குனிந்து கேட்டாள். “அம்மா, சோக்க உள்ள தள்ள மாட்டியா?”

“எதுக்குத் தள்ளணும்? உங்கப்பா தள்ள மாட்டாரே.”

தள்ளுவார். பிள்ளைகள் இருவரும் தினமும் பார்த்தது அது. வண்டி கேட்டைத் தாண்டி, தெருமுனையில் தபால் பெட்டி அருகே திரும்பியதும், கியரை மாற்றிய அதே கையால் அப்பா சோக்கைப் பாதி தள்ளுவார். பெரிய சாலையில் ஏறியதும் மீதியைத் தள்ளுவார். பின்னிருக்கையிலிருந்து அந்தக் கை நன்றாகத் தெரியும். முன்னிருக்கையில் பக்கத்திலேயே இருந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. வண்டி கிளம்பியதும் அவள் உடம்பை முழுதாகத் திருப்பி, கேட்டுக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். தெருமுனை திரும்பி வீடு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று கேட்பாள். அவள் முன்னால் திரும்பும்போது சோக் உள்ளே போயிருக்கும்.

அவளுக்குத் தெரிந்த வேலை மூன்று: இழு, திருப்பு, முள்ளைப் பார். அந்த மூன்றையும் இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல் செய்திருந்தாள். சோக் முழுதாக இழுத்திருக்கும்போது எஞ்சினுக்குள் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் போகும். வண்டி ஓடிச் சூடேறினால் அது ஆவியாகிவிடும். அம்மா போட்டதோ ஒரு நிமிடம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேர்ந்துகொண்டே இருந்தது. காலைக் குளிரில் முள் மட்டும் தினமும் தவறாமல் எழுந்தது.

அவசரம் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப கெடுத்தது நான்தானா?”

“கெட்டிருக்கா இல்லையான்னே இன்னும் பாக்கல அண்ணி. நீங்க அதுக்குள்ள கெடுத்தவங்கன்னு பட்டம் வாங்கிக்காதீங்க.”

தினமும் எதற்கு என்று தம்பி கேட்டான். கோபமாகக் கேட்க நினைத்தது வேறு மாதிரி வந்தது. வாரம் ஒரு தடவை போதாதா?

அம்மா சாவியை உருவினாள்.

“உங்கப்பா பேசாம பக்கத்துல இருந்தது அந்த ஒரு நேரம்தான்டா. மத்த நேரமெல்லாம் ரேடியோ. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பழகிப்போச்சு.”

இறங்கி, நேற்று விட்டுப்போன தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கொட்டகைத் தரையில் அப்பா வெட்டிய குழி இருந்தது. பலகைகளை நீக்கினார்கள். உள்ளே ஒரு பழைய செருப்பும் எலிப்பொறியும் கிடந்தன. அவசரம் இறங்கி ஆயிலை வடித்தார். வாளியில் விழுந்தது கஷாயம் மாதிரி சத்தமிட்டது. சம்பைக் கழற்ற மதியமாகிவிட்டது. நல்ல ஆயில் இருந்திருந்தால் கழுவித் துடைக்கவே ஒரு மணி நேரம் பிடித்திருக்கும், பெட்ரோல் அந்த வேலையையும் முடித்துவிட்டது என்றார். அக்காவும் குழிக்குள் இறங்கினாள். விளக்கைப் பிடித்தது தம்பி, மேலே குப்புறப் படுத்தபடி.

ஆயில் பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசி பேரிங்தான் ஆயில் இல்லாமல் முதலில் காயும். அதைத் திறந்தால் தெரிந்துவிடும். மேல்பூச்சு சாம்பல் நிறம், அடியில் செம்பு. செம்பு தெரிந்தால் புதன்கிழமை லாரி. அவசரம் இரண்டு நட்டையும் தளர்த்தி, மூடியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி உருவினார். உள்ளங்கையில் கவிழ்த்தார். துடைத்தார்.

“வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டு தம்பி.”

சாம்பல். மங்கலான, ஒரே சீரான சாம்பல்.

ஒன்றைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்று பக்கத்தில் இருந்ததையும் திறந்தார். அதில் முடி அகலத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அக்காவின் முகம் மாறியது. அவசரம் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரல் நகத்தைக் கீறலின் குறுக்கே இழுத்தார். ஒரு தடவை. பிறகு மறுபடியும். நகம் எங்கும் சிக்கவில்லை.

“இது தாடிக்காரர் போட்ட கீறலா, அண்ணன் காலத்துக் கீறலான்னு கண்டுபிடிக்க முடியாது. இருந்துட்டுப் போகட்டும். பேரிங் நல்லாருக்கு.”

வண்டி ரோட்டில் போயிருந்தால் இந்த ஆயிலுக்குப் பேரிங் ஒரு வாரத்தில் போயிருக்கும், நின்ற இடத்திலேயே நின்றதால் எடை விழவில்லை, தப்பித்தது என்று விளக்கினார். பேரிங் போய்விட்டது என்று அவர் முன்பு சொன்னதைத் தம்பி நினைவுபடுத்தியபோது, போயிருக்கலாம் என்றுதான் சொன்னேன் என்றார்.

“சத்தியம் பண்ணீங்க சித்தப்பா.”

“சத்தியமா போயிருக்கலாம்னு சொன்னேன்.”

அக்கா குழியை விட்டு ஏறி, கை கழுவாமல் சமையலறைக்குப் போனாள். அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேரிங் போகவில்லை என்றாள் அக்கா. அம்மா கையிலிருந்த டம்ளரைச் சுற்றி முடித்து வைத்துவிட்டு, “நீ ஓட்டிட்டுப் போயிடுவியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள். அப்படியானால் சோக்கைத் தள்ள மறக்காதே என்றாள் அம்மா. இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு இன்னொரு டம்ளரை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, சம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கசியாமல் வைக்கும் புது காஸ்கெட் வந்தது. கெட்டியான ஆயில் ஊற்றி, வடிகட்டியை மாற்றி, எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். கொட்டகை முழுக்கச் சூடான இரும்பு வாசனை. அவசரத்தின் மீட்டர் இருபத்துநான்கில் நின்றது, அப்பாவுடையது இருபத்திரண்டில்.

தம்பி கேட்டுக்கு வெளியே போய்த் தாடிக்காரருக்குப் போன் செய்தான். அவர் வருத்தப்பட்டார். பிறகு கதவுக் கைப்பிடிகள் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். தம்பி கிடைக்காது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த தார்ப்பாயை அக்காவிடம் கொடுத்தான்.

“இனி மழை வந்தா நீ ஓடு.”

அக்கா வியாழக்கிழமை காலை கிளம்பினாள். அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டாள். அங்கே தனக்கு யாரையும் தெரியாது, தம்பி வீட்டில் பேரன் பள்ளிக்குப் போகிற நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆயில் பார்த்து, சாயங்காலம் அக்கா ஊர் போய்ச் சேர்ந்தாள்.

மாதக் கடைசியில் வீட்டுச் சாவி கைமாறியது. வாங்கியவர்கள் கொட்டகையை இடித்துவிட்டு, குழியை மண் போட்டு மூடினார்கள். கார் அக்கா வீட்டில் இருக்கிறது. அம்மா தம்பி வீட்டில், நான்காவது மாடியில் இருக்கிறாள்.